ஸ்டென்ட்டுக்குப் பின் வரும் மறுகுறுக்கம்: ரத்த அணு விகிதங்கள் எவ்வளவு சொல்லும்?

இதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் விரித்து, அந்த இடம் மீண்டும் மூடிக்கொள்ளாதபடி மெல்லிய உலோக வலைக்குழாய் ஒன்றைப் பொருத்தும் சிகிச்சை, பொதுவழக்கில் ‘ஸ்டென்ட் வைப்பது’ எனப்படுவது, இன்று தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களிலும் தெரிந்த செய்தியாகிவிட்டது. பொருத்திய ஸ்டென்ட்டுக்குள்ளேயே சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ திசு வளர்ந்து தமனி மறுபடியும் குறுகக்கூடும் என்பது மட்டும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இதை மருத்துவம் மறுகுறுக்கம் என்கிறது. ஆஞ்சியோ படத்தில் ஸ்டென்ட்டின் உட்பகுதியோ அதன் ஓரங்களை ஒட்டிய 5 மில்லிமீட்டர் பகுதியோ விட்டத்தில் பாதிக்கு மேல் அடைந்திருந்தால் மறுகுறுக்கம் எனக் கணக்கிடுவது வழக்கம். யாருக்கு இது வரும் என்பதை, ஸ்டென்ட் வைக்கும் முன் எல்லோருக்கும் எடுக்கப்படும் சிபிசி என்னும் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலிருந்தே கணித்துவிட முடியுமா என்ற கேள்வி, கடந்த இருபது ஆண்டுகளில் பல ஆய்வுகளைப் பிறப்பித்திருக்கிறது. அந்த ஆய்வுகள் நிறுவியிருப்பது என்ன, நிறுவாதது என்ன, பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் உள்ள ஒரு நோயாளிக்கு அவற்றால் பயன் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேள்வி இம்மாவட்டத்துக்குக் கூடுதல் பொருளுடையது. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் மக்களைக் கொண்டிருந்த தருமபுரியில் பெரும்பாலோர் ஊர்ப்புறத்தவர். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களிலிருந்து சாலைக்கு இறங்குவதே ஒரு பயணம். இதய சிகிச்சைக்கு இங்கிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் செல்வோர் பலர். இத்தகையோருக்கு மறு ஆஞ்சியோ என்பது ஒரு பரிசோதனைச் செலவோடு முடிவதில்லை. துணைக்கு வருபவரின் கூலியும் பல நாள் வேலையும் அதில் கரைந்துபோகின்றன. எனவே, யாரை அடிக்கடி அழைத்துப் பார்க்க வேண்டும், யாரை ஊரிலேயே மாத்திரையோடு விடலாம் என்று பிரித்துக்காட்டும் மலிவான அளவுகோல் ஒன்று கிடைக்குமானால், அதனால் பெருநகரத்து நோயாளியைவிட இங்குள்ளவரே அதிகம் பயனடைவார்.

மறுகுறுக்கம் ஸ்டென்ட்டைவிடப் பழைய சிக்கல். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆந்த்ரியாஸ் க்ரூன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்தபோதே, விரித்த தமனி மீள்தன்மையால் பழையபடி சுருங்குவதும், காயம் ஆறும்போது தமனிச் சுவர் உள்நோக்கி இழுபடுவதும், உள்ளுறையில் புதுத்திசு வளர்வதும் அந்தச் சிகிச்சையின் உடன்பிறப்பாக வந்துவிட்டன; பலூன் மட்டும் பயன்பட்ட காலத்தில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ ஆறு மாதத்துக்குள் தமனி மீண்டும் குறுகியது. 1986-இல் பிரான்சில் ஜாக் புவெலும் சுவிட்சர்லாந்தில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனியில் பொருத்தத் தொடங்கிய உலோக ஸ்டென்ட், முதல் இரண்டு காரணங்களையும் ஏறத்தாழ ஒழித்தது. 1994-இல் வெளியான பெனஸ்டென்ட் ஆய்வில் மறுகுறுக்கம் 32 விழுக்காட்டிலிருந்து 22 ஆகவும், ஸ்ட்ரெஸ் ஆய்வில் 42-இலிருந்து 32 ஆகவும் இறங்கியது. ஆனால் மூன்றாம் காரணமான புதுத்திசு வளர்ச்சி குறையவில்லை. உலோகக் கம்பி தமனிச் சுவரை இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருந்ததால் உண்மையில் அது கூடியது.

அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஸ்டென்ட்டின் மேலேயே பூசிவிடும் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட இம்மருந்தைப் பிரித்தெடுத்து, நிறுவனம் கைவிட்டபின்னும் அதை விடாமல் காத்தவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்திய அறிவியலாளர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 2002-இல் வெளியான ராவெல் ஆய்வில், மருந்தில்லா ஸ்டென்ட் வைத்தவரில் 26.6 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் மறுகுறுக்கம் வந்திருக்க, சிரோலிமஸ் பூசிய ஸ்டென்ட் வைத்தவரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்தச் சுழியம் நீடிக்கவில்லை என்றாலும், பின்வந்த மேம்பட்ட ஸ்டென்ட்டுகளில் முதலாண்டு மறுகுறுக்கம் பத்து விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்கிறது. அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு என்ற அளவில் ஸ்டென்ட் சார்ந்த இடர்கள் தொடர்ந்துவருகின்றன. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலையை ரூ. 29,600 என்றும் மருந்தில்லாததன் விலையை ரூ. 7,260 என்றும் கட்டுப்படுத்தியதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்து, முன்பு ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற பொருளை எளியவருக்கும் எட்டச் செய்தன. இந்த மாற்றம் விகிதங்களைப் பற்றிய விவாதத்திலும் நேரடியாகத் தலையிடுகிறது. ஏன் என்பது பின்னர் வரும்.

புதுத்திசு ஏன் வளர்கிறது என்பதில்தான் ரத்த அணுக்களின் கதை தொடங்குகிறது. பலூன் விரியும்போது தமனியின் உள்வரி கிழிபடுகிறது; அந்தக் காயத்தில் முதலில் வந்து ஒட்டுபவை பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். அவை தம் மேற்பரப்பில் வெளிப்படுத்தும் ஒட்டுப்புரதங்களைப் பற்றிக்கொண்டு வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் வந்து சேர்கின்றன. கிருமியை எதிர்க்க முதலில் ஓடிவரும் இவ்வணுக்கள் கிருமியே இல்லாத காயத்திலும் அதே வேலையைச் செய்து, திசுவை அரிக்கும் நொதிகளையும் அழற்சிப் பொருள்களையும் வெளியிடுகின்றன. அடுத்து மோனோசைட்டுகள் நுழைந்து தமனிச் சுவருக்குள் தங்குகின்றன. இவை அனைத்தும் விடும் வேதிச் சைகைகளால் தூண்டப்பட்டு, சுவரின் நடு அடுக்கில் அமைதியாக இருந்த மென்தசைச் செல்கள் பெருகி உள்நோக்கி நகர்ந்து, ஸ்டென்ட்டின் கம்பிகளுக்கு மேல் தடித்த படலமாகப் படிகின்றன. காயம் ஆற இப்படலம் ஓரளவு தேவை. அது அளவு கடப்பதே மறுகுறுக்கம். நியூட்ரோஃபில் தட்டணுவோடு ஒட்ட உதவும் மேக்-1 என்ற புரதம் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில் காயத்துக்குப் பிந்தைய படலம் குறைவாகவே வளர்ந்தது என்ற கண்டுபிடிப்பு, இத்தொடர்பு தற்செயலானது அன்று என்பதைக் காட்டியது.

லிம்ஃபோசைட் எனப்படும் நிணநீரணுக்களின் இடம் வேறு. இவற்றில் ஒரு பிரிவு அழற்சியைத் தணித்து ஒழுங்குபடுத்துகிறது. அத்துடன், உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் கார்ட்டிசால் நியூட்ரோஃபில்களை ரத்தத்தில் கூட்டி, லிம்ஃபோசைட்டுகளைக் குறைக்கிறது. ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், அழற்சியின் வேகமும் உடலின் நெருக்கடியும் ஒரே எண்ணில் சேர்ந்து வெளிப்படும் என்பதே நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதத்தின் அடிப்படைக் கருத்து. மொத்த வெள்ளணு 8,000, அதில் நியூட்ரோஃபில் 65 விழுக்காடு, லிம்ஃபோசைட் 25 விழுக்காடு என்று ஓர் அறிக்கை சொன்னால், 65-ஐ 25-ஆல் வகுக்கக் கிடைக்கும் 2.6 அவ்விகிதம். மொத்த எண்ணிக்கை இரு பக்கமும் அடிபட்டுவிடுவதால் விழுக்காடே போதும். தாளின் ஓரத்தில் பேனாவால் போட்டுவிடக்கூடிய கணக்கு அது. தட்டணு–லிம்ஃபோசைட் விகிதத்துக்கு மட்டும் உண்மை எண்ணிக்கை வேண்டும்: தட்டணு 2,50,000, லிம்ஃபோசைட் 2,000 எனில் விகிதம் 125. தட்டணுவையும் நியூட்ரோஃபிலையும் பெருக்கி லிம்ஃபோசைட்டால் வகுக்கும் மூன்றாவது குறியீடு ஒன்றும் உண்டு. 2014-இல் சீனாவில் கல்லீரல் புற்றுநோயாளிகளுக்காக வகுக்கப்பட்ட அது பின்னர் இதய ஆய்வுகளுக்குள் வந்தது.

முதல் விகிதமும் இதய மருத்துவத்தில் பிறந்ததன்று. 2001-இல் பிராத்திஸ்லாவாவைச் சேர்ந்த ஸாஹோரெட்ச், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளின் உடல்நெருக்கடியை அளக்க எளிய வழியாக இதை முன்வைத்தார். 2005-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெஞ்சமின் ஹார்னும் அவர் குழுவினரும் ஆஞ்சியோ செய்துகொண்ட 3,227 பேரைத் தொடர்ந்து கவனித்து, பிற்கால மரணத்தையும் மாரடைப்பையும் கணிப்பதில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையைவிட நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதமே வலுவானது என்று காட்டினர். இதய மருத்துவர்களின் கவனம் இவ்விகிதத்தின் மேல் திரும்பியதற்கு இந்த ஆய்வே பெருங்காரணம். மறுகுறுக்கத்தை நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் 2012-இல் துருக்கியிலிருந்து வந்த ஒன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. மருந்தில்லா ஸ்டென்ட் வைத்து, பின்னர் நெஞ்சுவலியின் காரணமாக மறுபடியும் ஆஞ்சியோ செய்துகொண்ட அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த அக்குழு, சிகிச்சைக்கு முந்தைய விகிதம் 2.73-ஐத் தாண்டினால், மறுகுறுக்கம் வந்தவரில் 80 விழுக்காட்டினரை அது சரியாகச் சுட்டும் என்றும், வராதவரில் 75 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் என்றும் கண்டது. பின்னர் துருக்கியிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஒத்த முடிவுகள் தொடர்ந்து வந்தன; தட்டணு விகிதத்துக்கும் கூட்டுக் குறியீட்டுக்கும் இதே பாங்கில் ஆதரவு திரண்டது.

இந்த முடிவுகளின் திசையை ஐயுற வேண்டியதில்லை. இத்தனை இடங்களில் ஒரே பக்கம் சாயும் எண் வெறும் தற்செயலாக இருக்க முடியாது. ஐயுற வேண்டியது அவற்றின் அளவை. இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை பழைய கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டியவை. அவற்றில் இடம்பெற்றோர் ஸ்டென்ட் வைத்த அனைவரும் அல்லர், மறுபடியும் வலி வந்து ஆஞ்சியோ மேசைக்குத் திரும்பியவர்களே. வலியின்றி ஊரில் நலமாக இருப்பவர் கணக்கிலேயே இல்லை. வழியிலேயே இறந்தவரும் இல்லை. திரும்பி வந்தவர்களை மட்டும் வைத்து எழுந்த வரம்பெண்ணை, சிகிச்சை முடிந்து வீடு செல்லும் எல்லோர் மீதும் பொருத்துவது பிழைக்கு வழி. மேலும், வரம்பெண்ணை முன்கூட்டி நிர்ணயித்துவிட்டுச் சோதிக்காமல், கையிலுள்ள தரவுக்கு எது மிக நன்றாகப் பொருந்துகிறதோ அதையே வரம்பாக வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு ஆய்விலும் எண் வேறுபடுகிறது.

2.73 என்ற அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நடுத்தர, முதிய வயதுடைய 8,711 பேரை அளந்த மக்கள்தொகை ஆய்வில் இவ்விகிதத்தின் சராசரி 1.76, 95 விழுக்காட்டினரின் அளவு 0.83-க்கும் 3.92-க்கும் இடையில் இருந்தது. அதாவது, ஆபத்தின் எல்லை எனச் சுட்டப்படும் எண், சாதாரணமாக நடமாடும் மக்களின் இயல்பு வரம்புக்கு நடுவிலேயே விழுகிறது. தருமபுரி மக்களின் இயல்பு அளவு ரோட்டர்டாமின் அளவோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு உண்டு. இந்த விவாதத்தில் அது பெரும்பாலும் பேசப்படாமல் போவது வருந்தத்தக்கது. துருக்கி ஆய்வின் திறன் அப்படியே உண்மை என்று ஏற்று, ஸ்டென்ட் வைத்த 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். மருந்தில்லா ஸ்டென்ட்டின் காலத்தைப்போல் 30 விழுக்காட்டினருக்கு மறுகுறுக்கம் வருமானால், வரவிருக்கும் 300 பேரில் 240 பேரை விகிதம் சுட்டும். வராத 700 பேரில் 175 பேரையும் தவறாகச் சுட்டும். ஆகச் சுட்டப்பட்ட 415 பேரில் பாதிக்கு மேற்பட்டோர், 58 விழுக்காட்டினர், உண்மையான நோயாளிகள். இன்றைய மருந்து பூசிய ஸ்டென்ட்டில் 8 விழுக்காட்டினருக்கே வரும் என்று கொண்டால், 80 பேரில் 64 பேர் பிடிபடுவர். வராத 920 பேரில் 230 பேர் வீணாகச் சுட்டப்படுவர். சுட்டப்பட்ட 294 பேரில் மறுகுறுக்கம் வருவோர் 22 விழுக்காடு மட்டுமே. பரிசோதனை மாறவில்லை, ஸ்டென்ட் மாறிவிட்டது. நோய் அரிதாக ஆக, அதைக் கணிக்கும் கருவியின் சொல்லுக்கு மதிப்புக் குறையும். சுட்டப்பட்ட அனைவரையும் மறு ஆஞ்சியோவுக்கு அனுப்பினால், ஐவரில் நால்வர் தேவையின்றிப் பயணம் செய்து, படமெடுக்கச் செலுத்தும் மாறுபாட்டு மருந்தைத் தேவையின்றிச் சிறுநீரகத்தில் ஏற்றிக்கொள்வர். அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாக மறு ஆஞ்சியோ செய்வதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்காததற்கும், இவ்விகிதங்களை முடிவெடுக்கும் அளவுகோலாக ஏற்காததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது.

அதே கணக்கின் மறுபக்கம் ஆறுதல் தருவது. விகிதம் தாழ்வாக இருந்த 706 பேரில் மறுகுறுக்கம் வருவோர் 16 பேர், ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆபத்தானவரைக் கண்டுபிடிப்பதைவிட, ஆபத்துக் குறைந்தவரைப் பிரித்துவைப்பதில்தான் இவ்வெண் பயன்படக்கூடும் என்று இது சொல்கிறது.

இனி, அளவு எடுக்கப்படும் இடத்துக்கு வரவேண்டும். பெருமருத்துவமனையின் ஆய்வகத்தில் வெள்ளணுக்களை ஐந்து வகையாகப் பிரித்துக்காட்டும் எந்திரம் இருக்கும். சிறு ஊர்களின் ஆய்வகங்களில் பரவலாக இருப்பது மூன்று வகையாகப் பிரிக்கும் எந்திரம். பின்னது லிம்ஃபோசைட், நடுத்தர அளவுச் செல்கள், கிரானுலோசைட் என்று செல்லின் பருமனை வைத்துப் பிரிக்கிறது. கிரானுலோசைட் என்ற தலைப்பின்கீழ் நியூட்ரோஃபிலோடு இயோசினோஃபிலும் பெருமளவு சேர்ந்துவிடும். குடற்புழுவும் ஒவ்வாமையும் இயோசினோஃபிலைக் கூட்டும் என்பதால், வெறுங்காலோடு வயலில் இறங்கும் உழவர் ஒருவரின் விகிதம் இதயத்தோடு தொடர்பே இல்லாத காரணத்தால் உயர்ந்து தோன்றக்கூடும். இரு எந்திரங்களின் எண்களை ஒன்றாகக் கலந்து ஒப்பிடுவது கூடாது.

இங்குள்ள நோய்களும் எண்ணைத் திரிக்கின்றன. டெங்குக் காய்ச்சலில் தட்டணு வீழ்ச்சியடைந்து, லிம்ஃபோசைட்டின் பங்கு கூடுவதால், இரண்டு விகிதங்களும் பொய்யாகத் தாழும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் தட்டணு எதிர்வினையாகப் பெருகுவதால் தட்டணு விகிதம் பொய்யாக உயரும்; கிராமப்புறப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால், ஓர் ஆய்வு பெண்களையும் ஆண்களையும் ஒரே வரம்பெண்ணால் அளப்பது எவ்வளவு முறையற்றது என்பது விளங்கும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை, ஆறாத காற்புண், சொத்தைப் பல்லின் சீழ், நாள்தோறும் பிடிக்கும் பீடி ஆகிய எல்லாமே நியூட்ரோஃபிலைக் கூட்டுபவை. எல்லாவற்றையும்விட, மாரடைப்பே விகிதத்தை உயர்த்துகிறது. தசை சிதையும் அந்த நேரத்தில் எடுத்த ரத்தம் அன்றைய நெருக்கடியைச் சொல்லுமே தவிர, எட்டு மாதத்துக்குப் பின் ஸ்டென்ட்டுக்குள் நிகழப்போவதைச் சொல்லும் என்று நம்ப இடமில்லை. ரத்தத்தில் நியூட்ரோஃபிலின் ஆயுள் மணிக்கணக்கிலிருந்து சில நாள்வரை. மறுகுறுக்கமோ மாதக்கணக்கில் விளைவது. ஒரு நாளின் எண், ஆண்டின் போக்கைக் காட்ட வேண்டுமானால், அது அந்த உடலின் நிலையான அழற்சியின் அளவாக இருந்தாக வேண்டும். அதை உறுதிசெய்ய, காய்ச்சலும் புண்ணும் இல்லாத நாள்களில் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுகுறுக்கத்தின் பெருங்காரணங்கள் ஏற்கெனவே தெரிந்தவை என்பதையும் விகிதத்தின் மீதுள்ள ஆர்வத்தில் மறந்துவிடலாகாது. சர்க்கரை நோய் அவற்றில் முதன்மையானது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு அந்நோய் உண்டு. மெலிந்த தமனி, நீண்ட ஸ்டென்ட், கிளை பிரியும் இடத்து அடைப்பு, சுண்ணம் படிந்து கெட்டியான சுவர், சிறுநீரகக் கோளாறு ஆகியவை தொடர்ந்து வருகின்றன. ஸ்டென்ட் முழுமையாக விரியாமல் போவது மட்டும் மருத்துவர் கையில் இருப்பது: தமனிக்குள்ளிருந்தே ஒலியலையாலோ ஒளியாலோ படமெடுத்து, ஸ்டென்ட்டின் உட்பரப்பு மிகக் குறுகிய இடத்திலும் ஏறத்தாழ 5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் அங்கேயே மறுபடி விரித்துவிடலாம். சரியாக விரியாத ஸ்டென்ட்டை எந்த ரத்த விகிதமும் ஈடுகட்டாது. இங்கு இன்னொரு வேறுபாடும் தெளிவுபட வேண்டும். பலர் ‘ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது இரண்டு வேறு நிகழ்ச்சிகளை: திசு மெல்ல வளர்ந்து குறுகுவது ஒன்று, ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதாலோ வேறு காரணத்தாலோ ரத்தம் திடீரென ஸ்டென்ட்டுக்குள் உறைந்து மாரடைப்பை உண்டாக்குவது மற்றொன்று. விகித ஆய்வுகள் பேசுவது முதலாவதைப் பற்றி. விகிதம் நன்றாக இருக்கிறது என்று கேட்டு ஒருவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்திவிட்டால், வருவது இரண்டாவது.

விகிதம் உயர்ந்திருப்பது உறுதியானால் செய்யக்கூடியது என்ன? ஒரு கணிப்பு மருத்துவத்துக்குரியதாவது அதற்கு மறுமொழியாக ஒரு சிகிச்சை இருக்கும்போதே என்பதால், இக்கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2002-இல் இத்தாலியில் நடந்த இம்ப்ரெஸ் ஆய்வில், ஸ்டென்ட்டுக்குப் பின்னும் அழற்சிப் புரதம் குறையாத 83 பேரில் ஒரு பகுதியினருக்கு 45 நாள் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. அவர்களிடம் மறுகுறுக்கம் 7 விழுக்காடாகவும் மற்றவரிடம் 33 விழுக்காடாகவும் இருந்தது. அழற்சியை அடக்கினால் மறுகுறுக்கம் அடங்கும் என்பதற்கு இது வலுவான சான்று. அதே வேளையில் ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை உயர்த்தி லிம்ஃபோசைட்டைத் தாழ்த்துவது என்பதால், அந்தச் சிகிச்சையில் மறுகுறுக்கம் குறையும்போதே விகிதம் ஏறும்! விகிதம் அழற்சியின் நிழல், அழற்சியே அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு தரும் கேட்டினால் இம்முறை பரவவும் இல்லை.

அழற்சியின் ஒரு குறிப்பிட்ட பாதையை மட்டும் அடைக்கும் மருந்துகள் அடுத்து வந்தன. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, கொழுப்பைத் தொடாமலே இதய இடர்களைக் குறைக்க முடியும் என்று நிறுவியது. கான்டோஸ் உள்ளிட்ட ஐந்து பெரிய ஆய்வுகளின் 60,087 பேரை ஒன்றுசேர்த்து 2021-இல் வெளியான பகுப்பாய்வு, நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் எல்லா ஆய்வுகளிலும் பிற்கால இதய இடரையும் மரணத்தையும் முன்னறிவித்தது என்றும், கனகினுமாப் விகிதத்தை இறக்கியது, கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் இறக்கவில்லை என்றும் காட்டியது. முன்னோக்கித் திட்டமிட்ட ஆய்வுகளின் தரவு என்பதால் விகிதத்துக்கு ஆதரவான சான்றுகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும். ஆயினும் இது பேசுவது பொதுவான இதய இடரை, ஸ்டென்ட்டின் மறுகுறுக்கத்தை அன்று.

மலிவான அழற்சித் தடுப்பு மருந்தான கால்ச்சிசின் தமிழ்நாட்டுக்கு அயலானதன்று. மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே பொருள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அச்செடியைப் பயிரிட்டு விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கின்றனர். 2013-இல் கிரீஸில் மருந்தில்லா ஸ்டென்ட் வைத்த 196 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆறு மாதம் கால்ச்சிசின் உண்டவரிடம் மறுகுறுக்கம் 16 விழுக்காடு, உண்ணாதவரிடம் 33 விழுக்காடு. 2020-இன் லோடோகோ-2 ஆய்வில் நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் என்ற சிற்றளவு இதய இடர்களை 31 விழுக்காடு குறைத்தது. ஆனால் மாரடைப்புக்குப் பின் உடனே தொடங்கிய 7,062 பேரின் கிளியர் ஆய்வு 2024-இல் பயன் ஏதும் இல்லை என்று முடிந்தது. விகிதம் உயர்ந்தவருக்கு மட்டும் கால்ச்சிசின் கொடுத்துப் பார்ப்பது நியாயமான அடுத்த கேள்வி. அதற்கு விடை வரும்வரை அதை வழக்கமான சிகிச்சையாக்க முடியாது. கிழங்கை நேரடியாக உண்பது உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது பிழை.

இன்றைய நிலையில் தருமபுரியின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு இவ்வெண் தரக்கூடிய பயன் அடக்கமானது, ஆனால் உண்மையானது. ஸ்டென்ட் வைத்துத் திரும்பிய ஒருவரின் சிபிசி தாளில் விகிதம் 3-ஐத் தாண்டி நின்றால், அது ஸ்டென்ட்டைப் பற்றிய தீர்ப்பு என்று கொள்ளாமல், உடலில் எங்கோ அழற்சி இருப்பதற்கான குறிப்பாகக் கொண்டு, பல்லையும் பாதத்தையும் பார்க்கலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சோதிக்கலாம். பீடியைப் பற்றியும், யாரிடமோ வாங்கி உண்ணும் வலி மாத்திரையைப் பற்றியும் கேட்கலாம். நான்கு வாரம் கழித்து மறுபடி அளக்கலாம். மேடேறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று சொல்பவரை, விகிதம் ஒன்றரையாக இருந்தாலும், ஈசிஜி எடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அறிகுறியின் சொல்லை எண்ணின் சொல் மறுக்க இடந்தரக் கூடாது.

விகிதத்தின் தகுதியை இம்மண்ணில் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் இங்கேயே உள்ளன. 2012 முதல் 2014 வரை, கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லாசரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாட்டு மாரடைப்புத் திட்டம், சிறு மருத்துவமனைகளைப் பெருமருத்துவமனையோடு இணைத்து 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, ஓராண்டு இறப்பை 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைத்துக் காட்டியது. சிதறிக் கிடக்கும் ஊர்களின் நோயாளிகளை ஓராண்டு தவறவிடாமல் பின்தொடர முடியும் என்பதற்கு அது முன்மாதிரி. 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடுதேடி வரும் பணியாளர்களை ஊர்தோறும் உருவாக்கியிருக்கிறது. 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஆய்வை ஏற்று நடத்தும் தகுதி உண்டு. ஸ்டென்ட் வைக்கும் முன்பும், ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும், ஒரே வகை எந்திரத்தில் அளந்த அணு எண்ணிக்கை, உடன் ரத்தசோகை, காய்ச்சல், ஸ்டீராய்டு, புகை பற்றிய குறிப்பு, ஸ்டென்ட்டின் நீளமும் விட்டமும், திரும்பி வந்தவரோடு வராதவரையும் சேர்த்து ஓராண்டின் இறுதியில் நேரில் கண்டு பதியும் நிலை, இவை போதும். மறுகுறுக்கம் 8 விழுக்காடு என்றால் 1,000 பேரைச் சேர்த்தாலும் 80 நிகழ்வுகளே கிடைக்கும் என்பதால், தருமபுரி தனித்து இறங்காமல் சேலத்தையும் கிருஷ்ணகிரியையும் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வரம்பெண்ணையும் தரவு வந்தபின் தேடாமல், முதல் நோயாளி சேரும் முன்பே எழுதிப் பதிவுசெய்துவிட வேண்டும்.